கரண்ட் போனா நெட் வருது: திமிரி ரைஸ் மில் மோடம் விவகாரம்

கேள்வி, 08-10-2005, மாலை 6:20

அண்ணா, எங்க மில் ஆபீஸ்ல நெட் கனெக்ட் ஆக மாட்டேங்குது. ஆற்காட்டுல இருந்து ஆரணி போற ரோடு, திமிரி தாண்டி. விண்டோஸ் 98, சீரியல் போர்ட்ல மாட்டற வெளி மோடம் (போன் லைன் வழியா நெட்டுக்குப் போற பெட்டி), 56கே. டயல் பண்ணா பிழை எண் 680, டயல்டோன் இல்லைன்னு வருது. அதே ஒயரைப் போன்ல குத்தினா டயல்டோன் கேக்குது, யார்கிட்ட வேணா பேச முடியுது. மோடத்தை வேலூர் எடுத்துட்டுப் போய்க் கடையில காட்டினேன், அங்க முதல் தடவையே கனெக்ட் ஆச்சு. ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்கக் கூடாது. கரண்ட் இருந்தா நெட் வராது, கரண்ட் போனா வருது. கம்ப்யூட்டரும் மோடமும் யூபிஎஸ்ல இருக்கு. ரெண்டு வாரத்துல நாலு தடவை கனெக்ட் ஆச்சு. நாலும் கரண்ட் இல்லாத நேரம். முதலாளி மோடத்தைத் தூக்கிப் போடச் சொல்றார்.

08-10-2005, இரவு 10:50

சிரிச்சாச்சு. சிரிக்காதேன்னு சொன்ன பிறகு எப்படி அடக்கறது. வேலூரைப் பத்திப் பழைய கிண்டல் ஒண்ணு உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. உன் மோடத்தையும் அந்த வரிசையில சேர்த்துடலாம்.

680 வருதுன்னா மோடம் இன்னும் ஒரு நம்பர் கூட அழுத்தலை. லைனை எடுத்துச்சு, கேட்டுச்சு, தனக்குப் பழக்கமான சத்தம் வரலை, வச்சிடுச்சு. அதனால கடவுச்சொல்லை மாத்தறது, விண்டோஸை அழிச்சு மறுபடி போடறது எல்லாம் இப்போதைக்கு வெட்டி வேலை. நம்ம ஆளுங்க 680க்கே ஃபார்மட் பண்ணிடறாங்க.

மோடம் பின்னாடி ரெண்டு பொந்து இருக்கும். ஒண்ணு லைன், இன்னொண்ணு போன். சுவத்துல இருந்து வர்ற ஒயர் லைன்லதான் போகணும். இதை மாத்திக் குத்தினவங்க நிறைய பேரைப் பார்த்திருக்கேன், அதுல மூத்தவன் நான்தான்.

அது சரியா இருந்தா, மோடத்துல நாடு எதுன்னு போட்டிருக்குன்னு பாரு. நம்ம டயல்டோன் 400 ஹெர்ட்ஸ், அது மேல 25 ஹெர்ட்ஸ் ஏறி லேசான கரகரப்போட வரும். அமெரிக்காவுல 350ம் 440ம் கலந்த வேற டோன். அங்கத்து அமைப்போட வந்த மோடம் நம்மூர் டோனைக் கேட்டுட்டு, இது என்ன பாஷைன்னு முழிக்கும். இந்தியான்னு மாத்து. அப்பவும் முழிச்சா மோடம் பண்புகள்ல கூடுதல் கட்டளைன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல ஏடிஎக்ஸ்3ன்னு போடு. (இந்தப் பக்கத்துல கட்டளையை எல்லாம் உச்சரிப்புலதான் எழுதப் போறேன். நீங்க ஆங்கில எழுத்துல, நடுவுல இடம் விடாம அடிச்சுக்குங்க.)

கரண்ட் விஷயத்துக்கு வரேன். ரைஸ் மில்லுல எத்தனை மோட்டார் ஓடும்? டெலிபோன் ஒயர் கரண்ட் சர்வீஸ் ஒயரை ஒட்டியே வந்தா இரைச்சல் ஏறத்தான் செய்யும். அந்த இரைச்சல்ல மோடத்துக்கு டயல்டோன் பிடிபடலை. கரண்ட் போனா மோட்டார் நிக்குது, லைன் சுத்தமாகுது, நெட் வருது. இதுல மர்மம் ஒண்ணும் கிடையாது.

09-10-2005, காலை 7:15

ராத்திரி எழுதினதைப் படிச்சுப் பார்த்தா எக்ஸ்3யை ஏதோ மாத்திரை மாதிரி எழுதியிருக்கேன். அது மாத்திரை இல்ல. எக்ஸ்3 போட்டா மோடம் டயல்டோனுக்குக் காத்திருக்காது. லைனை எடுத்து எஸ்6ல (மோடம் தன் அளவுகளைக் குறிச்சு வச்சிருக்கற எஸ் கட்டங்கள்ல ஒண்ணு) இருக்கற வினாடி வரைக்கும் (வழக்கமா 2) சும்மா இருந்துட்டு டயல் பண்ணிடும். பிஸி டோனை மட்டும் கவனிக்கும். டோன் நிஜமாவே வராத லைன்ல இதைப் போட்டா செவுத்துக்கிட்ட பேசற கதைதான். ஆனா கோளாறு மோடத்தோட காதுலயா, லைன்லயான்னு பிரிச்சுப் பார்க்க இதை விட்டா சுலபமான வழி இல்ல.

இன்னொண்ணு, ஸ்பீக்கரை அணைக்காதே. ஏடிஎம்1, ஏடிஎல்3. கேரியர், அதாவது எதிர்ப்பக்க மோடத்தோட சத்தம், கிடைக்கற வரைக்கும் சத்தமாப் பேசும். ஆபீஸ்ல இருக்கறவங்க திட்டுவாங்க. திட்டட்டும்.

11-10-2005, இரவு 9:30

தம்பி பதில் போட்டிருக்கான். நாடு இந்தியான்னுதான் இருக்காம். பொந்தும் சரி. ஞாயித்துக்கிழமை மில் லீவு, ஒரு மோட்டார் கூட ஓடலை, கரண்ட் இருந்துச்சு. டயல் பண்ணினா அதே 680.

ஆக, என் மோட்டார் கதை அவுட். (பக்கத்து வயல்ல பம்ப்செட் ஓடியிருக்கலாமேன்னு ஒரு வரி எழுதி அழிச்சேன். அவ்வளவு பிடிவாதம் எனக்கே பிடிக்கலை.)

டோன் எப்படி இருக்குன்னு கேட்டிருந்தேன். ‘கூஊஊன்னு நீளமா இல்லண்ணா, விட்டு விட்டு வருது’ன்னு எழுதியிருக்கான். இது நல்ல துப்பு. எஸ்டிடி பூட்டு (வெளியூர் கால் போகாம தடுக்கறது), கால் ஃபார்வர்டு மாதிரி ஏதாவது போட்டு வச்சிருந்தா எக்ஸ்சேஞ்சு டோனை மாத்தி அனுப்பறது உண்டு, பூட்டு போட்டிருக்குன்னு நமக்கு ஞாபகப்படுத்த. மனுஷன் கண்டுக்க மாட்டான், மோடத்துக்கு அது டோனே இல்ல. முதலாளி எஸ்டிடி பூட்டு போட்டிருப்பார். எடுக்கச் சொல்லு. எக்ஸ்3யும் போட்டுப் பாரு. கரண்ட் விஷயம் தற்செயல், அதை விட்டுடு.

12-10-2005, இரவு 11:05

ஆம்பூர்ல இருந்து ஒருத்தர் நடுவுல புகுந்து, ‘எனக்கு 1,15,200ல கனெக்ட் ஆகுது, உங்க ஆளுக்கு ஏன் ஆகலை’ன்னு கேட்டிருக்கார். ஐயா, அது உங்க கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவுல இருக்கற அரை மீட்டர் கேபிளோட வேகம், வினாடிக்கு இத்தனை பிட்டுன்னு. டெலிபோன் லைன்ல என்ன ஓடுதுன்னு தெரியணும்னா ஏடிடபிள்யூ2 போடுங்க. பல மோடம் நிஜத்தைச் சொல்லிடும். அப்புறம் ரெண்டு நாள் மனசு கஷ்டமா இருக்கும்.

1999ல இருந்து நாலு வருஷம் நானும் இந்த 1,15,200ஐ போர்டுல எழுதி வச்சுக் கடை நடத்தினவன்தான். வேலூர் காந்தி ரோட்டுல, லாட்ஜுக்குக் கீழே, நாலு கம்ப்யூட்டர், ஒரே மோடம். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்புல இணைப்பைப் பங்கு போடற வசதி வந்திருந்துச்சு. நாலு பேரு உக்காந்தா ஆளுக்கு வினாடிக்கு ஒரு கிலோபைட் தேறினா அதிகம். வர்றவங்கள்ல முக்கால்வாசி ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளக் குடும்பங்க. ரிப்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து எழுத்து எழுத்தா அடிச்சு ஊருக்கு மெயில் போடுவாங்க. சரியா அனுப்பு பொத்தானை அழுத்தற நேரம் கட் ஆகும். ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, மாடியில லாட்ஜ் ரிசப்ஷன்ல அதே லைனுக்கு ஒரு இணைப்போன் இருக்கு. அந்தப் பையன் ரிசீவரை எடுத்து, ‘கீ’ன்னு சத்தம் வந்தா பயந்து வச்சிடுவான். எனக்கு எங்கே தெரியும். மோடம் மேல பழி போட்டு ரெண்டு மோடம் வாங்கினேன்.

அதனால சொல்றேன்: லைன் உள்ளே நுழையற இடத்துல இருந்து மேசை வரைக்கும் ஒயரைக் கையால தொட்டுக்கிட்டே நடந்து வாங்க. சுவத்துல போன் ஒயரைச் சேர்க்கற ரோசெட் டப்பாவைத் திறந்து பாருங்க. எறும்பு இருக்கும், பல்லி இருக்கும், பச்சை பூத்த திருகு இருக்கும்.

14-10-2005, மாலை 7:40

தம்பி எக்ஸ்3 போட்டுட்டான். 680 போயிடுச்சு. டிக் டிக்னு ஆறு நம்பரும் போகுது, ஸ்பீக்கர்ல மணி அடிக்கற சத்தம் கேக்குது, அப்புறம் ஒண்ணுமே இல்ல, ஒரு நிமிஷத்துல 678.

எதிர்ப்பக்கம் பதில் இல்லைங்கறதுதான் 678. எஸ்7ல இருக்கற வினாடி வரைக்கும் (வழக்கமா 50) கேரியருக்குக் காத்திருந்து அலுத்துப் போய் வச்சிடும். மணி அடிச்சு எடுக்கலைன்னா இணையச் சேவைக்காரன் பக்கம்தான் ஏதோ கோளாறு. எஸ்7ஐ 90 ஆக்கிப் பாரு, ராத்திரி 11க்கு மேல முயற்சி பண்ணு.

கடைசியில ஒரு தமாஷ் எழுதியிருக்கான். மில்லுல ரெண்டு நாளா பேய் போன் பண்ணுதாம். பாய்லர் ரூம் பெரியவர் எடுத்தா அந்தப் பக்கம் பேச்சே இல்லையாம். ‘இன்னாபா இது, எடுத்தா மூச்சு உடாம கீது, அலோ அலோன்னு நான் கத்திக்கினே கீறேன்’ன்னு புலம்பறாராம். அவருக்கு நம்ம அனுதாபங்கள்.

15-10-2005, அதிகாலை 1:15

தம்பி, பாய்லர் ரூம்ல போன் எப்படி வந்துச்சு? உங்க மில்லுல இன்டர்காம் இருக்கா? அந்தப் பெரியவர் நம்பர் என்ன?

15-10-2005, காலை 10:30

17. அவர் நம்பர் 17.

படுத்தவனுக்குத் தூக்கம் பிடிக்கலை. இணையச் சேவைக்கு நாம டயல் பண்ற ஆறு இலக்க நம்பர் 172ல தொடங்கும். அதுல முதல் ரெண்டு இலக்கத்தைப் பாருங்க.

முதலாளி ரூம்ல, சாமி படத்துக்குப் பின்னாடி, ஒரு இன்டர்காம் பெட்டி இருக்காம். வெளி லைன் ஒண்ணு, உள்ளே 11ல இருந்து 18 வரைக்கும் எட்டு போன். தம்பி மேசை 11. அவன் வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம்தான் ஆகுது. ‘வெளியே பேசணும்னா முதல்ல சைபர் அழுத்துப்பான்னு சொன்னாங்கண்ணா, நான் அது எஸ்டிடி சைபர் மாதிரி ஏதோன்னு நெனச்சேன்.’ கேட்டிருந்தா சொல்லியிருப்பான். நான் கேக்கலை. அவன் போன்னு சொன்னான், நான் போன்னு நெனச்சுக்கிட்டேன்.

இப்ப எல்லாத்தையும் திரும்பப் பாருங்க. விட்டு விட்டு வந்த டோன் எக்ஸ்சேஞ்சு டோனே இல்ல, அந்தப் பெட்டியோட சொந்த டோன். மோடத்துக்கு அது தெரியாது, 680. எக்ஸ்3 போட்டு அதோட காதைப் பொத்தினேன். சைபர் இல்லாம நேரா 172ன்னு தொடங்குச்சு. பெட்டி 1, 7 வரைக்கும் கேட்டுட்டு ‘ஓ, பாய்லர் ரூமா’ன்னு அங்க மணி அடிச்சது. மிச்ச நாலு நம்பரை யாரும் சீந்தலை. பெரியவர் எடுத்து அலோன்னார். மோடம் எதிர்ப்பக்க மோடம் பேசட்டும்னு வாயை மூடிக்கிட்டு 50 வினாடி நின்னுச்சு. நான் வேற எஸ்7ஐ 90 ஆக்கச் சொல்லியிருக்கேன். பேயோட ஆயுசை நாப்பது வினாடி கூட்டி விட்டவன் நான்.

கரண்ட்? இந்த மாதிரிப் பெட்டிகள்ல உள்ளே ஒரு ரிலே இருக்கும். கரண்ட் இருக்கற வரைக்கும் அது இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். கரண்ட் போனா விட்டுடும். விட்டா, வெளி லைன் நேரா ஒரு குறிப்பிட்ட உள் போனோட சேர்ந்துடும், பெட்டி செத்தாலும் அவசரத்துக்கு ஒரு போன் வேலை செய்யட்டும்னு. இந்த மில்லுல அந்த ஒரு போன் 11. தம்பி மேசை. கரண்ட் போன நேரத்துல மட்டும் அவன் மோடம் நிஜமான எக்ஸ்சேஞ்சு டோனைக் கேட்டிருக்கு. பெட்டிக்கு யூபிஎஸ் கிடையாது, மோடத்துக்கு இருக்கு.

இன்டர்காம் வேலை நான் செய்தவன். இந்த ரிலே எனக்குத் தெரியும். அவன் முதல் நாளே நாலுக்கு நாலு கணக்கோட சொன்னதைத் தற்செயல்னு தள்ளிட்டு, கேக்காத எஸ்டிடி பூட்டைத் தேடிக்கிட்டு இருந்திருக்கேன்.

மோட்டார் இரைச்சல், எஸ்டிடி பூட்டு, இணையச் சேவைக்காரன் கோளாறு, மூணையும் வாபஸ் வாங்கறேன்.

17-10-2005, இரவு 9:50

மனசு கேக்கலை. காலையில ஆரணி பஸ் ஏறித் திமிரி இறங்கிட்டேன். கையில மல்டிமீட்டரும் ஒரு சாதாரண போனும்.

முதல்ல மீட்டர். ரிசீவரை வச்ச நிலையில நம்ம எக்ஸ்சேஞ்சு லைன்ல 48 வோல்ட்டை ஒட்டி நேர்மின்சாரம் இருக்கும், எடுத்தா பத்துக்குக் கீழே விழும். உள்ளே நுழையற லைன்ல 49 காட்டுச்சு, எடுத்தா 8. அருமையான லைன். தம்பி மேசையில வச்சேன், 24. இதுக்கு மேல என்ன துப்பு வேணும். முதல் நாளே ‘ஒரு மீட்டர் வச்சுப் பாரு’ன்னு ஒரு வரி எழுதியிருந்தா ஒரு வாரம் மிச்சம், பெரியவருக்கு நிம்மதி. வச்ச நிலையில 30, 35ன்னு ஆடினா அது வேற கதை: எங்கேயோ ஈரம் இறங்கி லைன் கசியுது. அதுக்கு 198ல புகார் பதியணும், நாம எக்ஸ்3 போட்டு ஒண்ணும் ஆகாது.

மீட்டர் இல்லாதவங்க ஒயரை வாயில வச்சுப் பாக்காதீங்க. சிரிக்கறதுக்காகச் சொல்லலை. கடை நடத்தின காலத்துல ஒயர் தோலைப் பல்லால உரிச்சுக்கிட்டு இருந்தேன், அந்த நேரம் பார்த்து யாரோ போன் பண்ணினாங்க. மணி அடிக்க எக்ஸ்சேஞ்சு அனுப்பறது 75 வோல்ட் மாறுமின்சாரம். ஸ்டூல்ல இருந்து விழுந்தேன். போன் பண்ணினது என் மாமியார். இன்னிக்கு வரைக்கும் அவங்க நம்பலை.

வேலை என்னவோ அஞ்சு நிமிஷம். நம்பருக்கு முன்னால 0 போட்டேன். அப்பவும் கனெக்ட் ஆகலை. பெட்டி வெளி லைனைப் பிடிச்சு எக்ஸ்சேஞ்சு டோன் வர்றதுக்குள்ள மோடம் அடுத்த நம்பரையும் அனுப்பிடுச்சு, 172ல 1 காத்துல போச்சு. 0க்குப் பின்னால ஒரு கமா போட்டேன், கமான்னா மோடம் கொஞ்சம் நிக்கும். எக்ஸ்3யும் இருக்கணும், இல்லாட்டிப் பெட்டியோட டோனைக் கேட்டு மறுபடி 680 சொல்லும். போச்சு, அடிச்சுது, கிர்ர்ர்ர் கீய்ங். ஆபீஸ்ல எல்லாரும் எட்டிப் பார்த்தாங்க.

மில் ஓடும்போது 26,400. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல மோட்டார் நின்னப்ப 31,200. (பார்த்தீங்களா, மோட்டார் இரைச்சல்னு நான் சொன்னதுல கொஞ்சம் இருக்கு. வாபஸை அரைவாசி வாபஸ் வாங்கறேன்.)

திரும்பும்போது ஆற்காட்டு மக்கன்பேடா அரைக் கிலோ கட்டிக் கொடுத்தாங்க. பஸ்லயே பாதி காலி.

18-10-2005, இரவு 8:15

திருத்தம் ரெண்டு.

கமா எவ்வளவு நேரம்னு ஒருத்தர் கேட்டார். எஸ்8ல இருக்கற அளவு, வழக்கமா 2 வினாடி. பழைய பெட்டின்னா ரெண்டு கமா போடுங்க, காசா பணமா. கமாவுக்குப் பதிலா டபிள்யூ போட்டா ரெண்டாவது டயல்டோன் வர்ற வரைக்கும் மோடம் காத்திருக்கும்னு அதே ஆள் சொல்றார். சரிதான், ஆனா அந்த ரெண்டாவது டோன் மோடத்துக்குப் புரியணும். எனக்குக் கமா மேலதான் நம்பிக்கை.

சாமி இல்லாத கோயில்னு எழுதினதுக்கு ஒரு அம்மா கோவிச்சுக்கிட்டாங்க. கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் 1981லயே திரும்ப வந்தாச்சு, பூஜை நடக்குது. அந்தக் கிண்டல்ல ஒண்ணு குறைஞ்சு போச்சு. டயல்டோன் இல்லாத மோடமும் சரியாயிட்டதால ரெண்டு குறைஞ்சுது.

23-10-2005, இரவு 10:20

புதுப் பிரச்சினை. பகல்ல வெளி லைன் ஒண்ணுதான். தம்பி நெட்ல இருந்தா முதலாளிக்கு 0 கிடைக்கலை. சத்தம். முதலாளி பேசினா மோடத்துக்குப் பெட்டி பிஸி டோன் கொடுக்குது, 676. அதுவும் சத்தம்.

யோசிச்சு ஒரு வழி சொன்னேன், செய்துட்டான். பெட்டிக்கு முன்னாலயே லைனைப் பிடிச்சு, ரெண்டு கம்பியையும் ஒண்ணா மாத்தற ரெண்டு வழித் தள்ளு சுவிட்ச் ஒண்ணு. இந்தப் பக்கம் தள்ளினா பெட்டி, அந்தப் பக்கம் தள்ளினா நேரா மோடம். ராத்திரி 9க்கு மேல மோடம் பக்கம். நடுவுல யாரும் ரிசீவரை எடுத்துக் கெடுக்க முடியாது, ஏன்னா பெட்டியே லைன்ல இல்ல. சும்மா இணையா ஒட்டியிருந்தா என் லாட்ஜ் கதைதான் திரும்ப நடந்திருக்கும்.

வேகம் 41,333. பெட்டி வழியா 31ஐத் தாண்டாதது எப்படி 41க்குத் தாவுச்சுன்னு கேட்டான். 56கேங்கற வி.90 முறை நிக்கறதே ஒரு நம்பிக்கை மேல: இணையச் சேவைக்காரனோட கருவி எக்ஸ்சேஞ்சோட டிஜிட்டலாவே பேசும், வழியில ஒரே ஒரு இடத்துலதான் டிஜிட்டல் அனலாகா மாறும். அந்த வழி சுத்தமா இருந்தா இறங்குமுகமா, அதாவது நெட்ல இருந்து நம்ம பக்கம், 33,600க்கு மேல போகலாம். நடுவுல இன்னொரு பெட்டி, இன்னொரு மாத்தம், இன்னும் கொஞ்சம் இரைச்சல் வந்தா அந்த வித்தை பலிக்காது, 33,600ஓட நிக்கற பழைய வி.34 முறைக்கு இறங்கிடும். ஏறுமுகம் எப்படியும் 33,600தான். படம் அனுப்பறவங்க கவனிக்கணும்.

02-11-2005, காலை 9:00

நேத்து தீபாவளி. சாயங்காலம் மழை வாடை அடிச்சதுமே நான் செய்த முதல் காரியம் மோடம் ஒயரைப் பிடுங்கினது. வீட்டுல எல்லாரும் பட்டாசை உள்ளே எடுத்து வைக்கறாங்க, நான் ஒயரை.

யூபிஎஸ் இருக்கே, ஸ்பைக் கார்டு இருக்கேன்னு நம்பாதீங்க. அதெல்லாம் கரண்ட் வாசல்ல நிக்கற காவல். இடி டெலிபோன் வாசல் வழியா வரும். கம்பத்துல இருந்து வீடு வரைக்கும் தொங்கற ஒயர்தான் அதுக்கு ரோடு. ஐப்பசி கார்த்திகையில வேலூர்ல செத்த மோடத்தை எல்லாம் அடுக்கினா ஒரு சுவரே எழுப்பலாம். கார்டு மோடம்னா மதர்போர்டையும் கூட்டிக்கிட்டுப் போகும். வெளி மோடம் வாங்கச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்: தான் மட்டும் சாகும்.

09-11-2005, இரவு 11:40

மலையடிவாரக் கிராமத்துல இருந்து ஒரு வாசகர்: ராத்திரி 10 மணிக்கு மேல டயல் பண்ணினா 172 அடிச்சு முடிக்கறதுக்குள்ளயே பிஸி டோன் வருதாம். நம்பர் முழுசாப் போகாமயே எப்படி பிஸின்னு கேக்கறார்.

உங்க மோடத்துல கோளாறு இல்லீங்க. கிராமத்துச் சின்ன எக்ஸ்சேஞ்சுல இருந்து டவுனுக்குப் போற இணைப்பு லைன், ஜங்ஷன்னு சொல்வாங்க, எண்ணிக்கையில கொஞ்சம்தான். நெட் பாக்கறவர் ஒரு ஜங்ஷனை மணிக்கணக்குல பிடிச்சு வச்சுக்குவார். எல்லாம் நிரம்பிட்டா, அடுத்து 172ன்னு தொடங்கறவருக்கு உள்ளூர் எக்ஸ்சேஞ்சே பிஸி டோன் கொடுத்துடும். காலையில 5 மணிக்கு எழுந்து பாருங்க. அந்நேரத்துக்கு எழறவங்க பால் கறக்கப் போறாங்க, நெட்டுக்கு வர்றதில்ல.

இன்னொருத்தர் கம்பி இல்லாத டபிள்யூஎல்எல் போன்ல மோடத்தைக் குத்திட்டு 9,600 தான் வருதுன்னு அழறார். அந்த ரேடியோ வழியில குரலைச் சுருக்கி அனுப்பறாங்க. குரலுக்குப் பத்தும், மோடத்தோட பாட்டுக்குப் பத்தாது. அந்தக் கருவியிலயே கம்ப்யூட்டருக்குன்னு தனி வாசல் இருக்கான்னு பாருங்க, இருந்தா அதுதான் வழி.

20-11-2005, மாலை 5:30

தம்பி கேட்டான், ‘அண்ணா, சத்தத்தை வச்சே எப்படிச் சொல்றீங்க?’ பஸ் டிரைவர் இன்ஜினைக் கேக்கற மாதிரிதான். ஆனா எழுதிப் பார்க்கறேன்.

லைனை எடுத்ததும் ‘டக்’. அது கூட இல்லைன்னா மோடமே எழலை, போர்ட்டையோ, போர்ட் ஏற்கெனவே பிடிபட்டிருக்குன்னு சொல்ற 633ஐயோ பாரு. அப்புறம் டோன். டோனோட சேர்ந்து ‘ம்ம்ம்’னு கனமா ஒரு முனகல் இருந்தா ஒரு கம்பி எங்கேயோ பூமியைத் தொடுது, கரண்டோட 50 ஹெர்ட்ஸ் ஏறுது. கொதிக்கற எண்ணெய்ல கடுகு வெடிக்கற சத்தம்னா இணைப்புல ஈரம். அப்புறம் நம்பர். டோன் முறையில பாட்டு மாதிரிப் போகும், பல்ஸ் முறையில டக டக டகன்னு எண்ணும். நம்பர் போன பிறகும் டயல்டோன் நிக்காம ஓடினா எக்ஸ்சேஞ்சு உங்க நம்பரைக் கேக்கவே இல்லன்னு அர்த்தம். எஸ்11ஐக் கூட்டி ஒவ்வொரு எண்ணையும் நிதானமா அழுத்தச் சொல்லுங்க, இல்லாட்டி டோன்ல டயல் பண்ற ஏடிடிடிக்குப் பதிலா பல்ஸ்ல டயல் பண்ற ஏடிடிபி போட்டுப் பாருங்க.

மணி. எதிர்ப்பக்கம் எடுத்ததும் நீளமா ஒரு விசில், 2,100 ஹெர்ட்ஸ், அரை வினாடிக்கு ஒரு தடவை லேசா இடறும். நடுவழியில இருக்கற எதிரொலி அடக்கிகளை ‘நீங்க கொஞ்சம் ஒதுங்குங்க’ன்னு சொல்றது அது. அப்புறம் ரெண்டும் தங்களுக்குத் தெரிஞ்ச முறைகளைச் சொல்லிக்கும். அப்புறம் அந்தப் பிரபலமான கிர்ர்ர். அந்தக் கிர்ர் ஒரு தடவை வந்து அடங்கினா நல்லது. நின்னு நின்னு ரெண்டு மூணு தடவை வந்தா லைன் மோசம், பேரம் பேசிக் கீழே இறங்குதுன்னு அர்த்தம். விசிலே வராம ‘அலோ’ வந்தா உங்க மில்லுல இன்டர்காம் இருக்கு.

எல்லாச் சத்தமும் சரியா வந்து, அடங்கி, அதுக்கப்புறம் 691 வந்தா அது போன் விவகாரமே இல்ல. பேரோ கடவுச்சொல்லோ தப்பு. கேப்ஸ் லாக்கைப் பாருங்க. இதுக்காகப் போன வருஷம் காட்பாடி வரைக்கும் போய் வந்திருக்கேன்.

08-01-2006, இரவு 9:10

பொங்கலுக்கு முன்னால மில்லுல சம்பா நெல் வந்து குவியுது, தம்பிக்கு நெட் பாக்கவே நேரமில்லையாம். சுவிட்ச் நல்லா வேலை செய்யுது. பெட்டிக்கும் ஒரு பழைய யூபிஎஸ் வச்சுட்டாங்க, இனி கரண்ட் போனாலும் ஒண்ணும் மாறாது.

பாய்லர் ரூம் பெரியவர்கிட்ட பேய் யாருன்னு அவன் சொல்லி, மோடத்தைக் கொண்டு போய்க் காட்டவும் செய்தானாம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, ‘இதுவா கீது’ன்னாராம். ரெண்டு நாள் கழிச்சு வந்து, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை மட்டும் அதை 17க்கு அடிக்க வைக்க முடியுமான்னு கேட்டிருக்கார். நெல் அவிக்கற ராத்திரியில கண் அசந்துடுதாம்.

ஏடிடிடி17. கமா தேவையில்ல, எக்ஸ்3 இருக்கணும், சுவிட்ச் பெட்டிப் பக்கம் இருக்கணும். விண்டோஸ் 98ல நேரம் குறிச்சு ஒரு டயலை ஓட வைக்கிறது எப்படின்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.